நடைபாதையில் படுப்பவருக்கும் ஓட்டு உண்டு: பெயர் சேர்ப்பது இப்படித்தான்

நான் பிறந்து வளர்ந்தது சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில். "கதவு எண் என்ன?" என்று கேட்டே எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கதவு எண் தேவையில்லை. வீடில்லாதவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறார் என்று தெரிந்தால் முகவரிச் சான்றே வேண்டாம் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 வாங்குங்கள். அதற்குக் காசு கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வயதுக்கு ஆதாரோ பள்ளிச் சான்றிதழோ போதும், கூடவே ஒரு கலர் போட்டோ.

முகவரிக் கட்டத்தை நிதானமாக நிரப்புங்கள். சாலைப் பெயரை மட்டும் எழுதினால் சரிபார்க்க வருகிற அலுவலர் எங்கே போய்த் தேடுவார்? ஒரு பாட்டிக்கு நான் எழுதியபோது, எந்தக் கடை ஷட்டருக்கு முன்னால், பக்கத்து மின்கம்பத்தின் எண் என்ன, எதிரே எந்தக் கோயில் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

அப்புறம் விசாரணை. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., இரவில் வந்து பார்க்க வேண்டும், அதுவும் ஒரு இரவு வந்தால் போதாது. பாட்டியைத் தேடி வந்தவர் காலை பதினொரு மணிக்கு வந்தார். அந்நேரம் கடை திறந்திருக்கும், பாயும் பாத்திரமும் மூட்டையாகச் சந்துக்குள் போயிருக்கும். பாட்டி பூக்கடையில் சரம் கட்டிக்கொண்டிருந்தார். 'இங்கே யாரும் இல்லை' என்று எழுதிப் போய்விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது வருடமாக அங்கே படுக்கிறவர் அவர்.

மறுபடி மனு போட்டோம். "இரவு 10 மணிக்கு மேல் வரவும்" என்று தனித்தாளில் எழுதி, அந்த விதியின் நகலையும் சேர்த்துக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொண்டோம். இந்த முறை டார்ச்சோடு வந்தார்கள். பாட்டி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். மறுநாள் இரவும் வந்து பார்த்தார்கள்.

வாக்காளர் அட்டை தபாலில் வரும். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பகலில் அட்டைக்கு உரியவர் எங்கே இருப்பார் என்றும் சேர்த்து.

கழிப்பறை வேண்டும் என்று பாட்டி எத்தனையோ வருடமாகக் கேட்டுவந்தார். அட்டை வந்த பிறகு, ஓட்டுக் கேட்டு வந்தவர் நின்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். கழிப்பறை இன்னும் வரவில்லை, பாட்டியும் விடுவதாக இல்லை.

ஒன்று கவனம்: அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. வரைவுப் பட்டியல் வரும்போதெல்லாம் பாருங்கள், இல்லையென்றால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் உடனே மறுபடி படிவம் 6 கொடுங்கள்.