ரேஸ் கோர்ஸின் தரத்தை எடை போடுவது எப்படி

அமெரிக்க ரேஸ் புக்கில் (அன்றைய ரேஸ்களில் ஓடும் குதிரைகளின் பட்டியல்) வேறு மைதானத்திலிருந்து வந்த குதிரை இருந்தால், பாதிக் கணிப்பு அந்த மைதானத்தின் தரத்தைப் பொறுத்தது. அங்கே முதலில் வந்தது இங்கே ஐந்தாவதாக வருமா, அங்கே ஐந்தாவதாக வந்தது இங்கே ஜெயிக்குமா? இதற்கு விடை பெரிய பரிசுக்கான ஸ்டேக்ஸ் ரேஸ்களில் கிடைக்காது. வாரநாட்களில் ஓடும் சாதாரண கிளெய்மிங் ரேஸ்களில்தான் தேட வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன் மைதானத்தில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சார்லஸ் டவுன் கிளாசிக்குக்கு வெளியிலிருந்து நல்ல குதிரைகள் வந்து ஓடிவிட்டுத் திரும்பிவிடும். மறுவாரம் இரவில் அதே மண்ணில் ஓடும் உள்ளூர்க் குதிரைகளைப் பற்றி அந்த ரேஸ் எதையும் சொல்லாது.

முதலில் கிளெய்மிங் விலை. இந்த ரேஸில் ஓடும் எந்தக் குதிரையையும் தகுதியுள்ள ஓனர் யார் வேண்டுமானாலும் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதனால் 25,000 டாலர் பெறுமான குதிரையை யாரும் 10,000 டாலர் ரேஸில் லேசில் இறக்க மாட்டார்கள். அப்படி இறக்கினால் காலில் கோளாறு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு மாத ரேஸ் முடிவுகளை எடுத்து, மிகக் குறைந்த கிளெய்மிங் விலை எது, அதிகமாக ஓடும் விலை எது என்று இரண்டை மட்டும் குறியுங்கள். ஒரு மைதானத்தில் தினமும் 5,000 டாலர் ரேஸ் ஓடுகிறது, இன்னொன்றில் 12,500-க்குக் கீழே ரேஸே இல்லை என்றால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இங்கே பலர் சறுக்குவது நிபந்தனையைப் படிக்காமல் விலையை மட்டும் பார்ப்பதால். எல்லாக் குதிரைக்கும் திறந்த 10,000 டாலர் ரேஸும், வாழ்நாளில் இரண்டு ரேஸ் ஜெயிக்காத குதிரைகளுக்கான 10,000 டாலர் ரேஸும் ஒன்றல்ல. முதலாவதில் பத்துப் பதினைந்து ரேஸ் ஜெயித்த பழைய குதிரைகள் நிற்கும். இரண்டாவது பெரும்பாலும் பல லென்த் (ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பலவீனமாக இருக்கும்.

அடுத்தது பரிசுத் தொகை. இதை அப்படியே நம்பக் கூடாது. பல மாநிலங்களில் ஸ்லாட் மெஷின் வருமானத்தில் ஒரு பங்கு பரிசுக்குப் போகிறது. அதனால் சாதாரணக் குதிரைகள் ஓடும் மைதானத்திலும் தொகை பெரிதாகத் தெரியும். கென்டக்கியில் அறிவிக்கும் தொகையில் ஒரு பகுதி, அங்கே பிறந்து பதிவு செய்த குதிரைகளுக்கு மட்டுமே. 60,000 டாலர் ரேஸில் 20,000 அப்படிப்பட்ட கூடுதல் என்றால், ஒப்பிட வேண்டியது 40,000-ஐத்தான். நியூயார்க்கில் பிறந்த குதிரைகளுக்கு மட்டுமான ரேஸ்களையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

ஓடிய நேரத்தைக் கடிகாரக் கணக்கில் நேரடியாக ஒப்பிடவே முடியாது. நியூயார்க்கின் சரடோகாவில் டர்ட் (மண் தளம்) சுற்று 1⅛ மைல், கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸ் 1 மைல், சார்லஸ் டவுன் ¾ மைல்தான். வளைவு மாறினால் நேரமும் மாறும். தவிர, அமெரிக்காவில் கேட் திறந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. குதிரை சிறிது தூரம் ஓடிய பிறகே தொடங்கும். இந்த ‘ரன்-அப்’ தூரம் ரேஸ் சார்ட்டில் (ரேஸ் முடிவு விவரத் தாள்) அடிக் கணக்கில் இருக்கும், மைதானத்துக்கு மைதானம் வேறுபடும். ரன்-அப் நீண்டால் குதிரை வேகம் பிடித்த பிறகே கடிகாரத்தைத் தொடும். நேரம் பொய்யாக நன்றாகத் தெரியும். ஆகவே பேயர் எண் போல, அன்றைய தளத்தின் வேகத்தைக் கழித்துக் கணக்கிட்ட ஸ்பீடு ஃபிகரையே எடுங்கள். ஒரே விலை, ஒரே நிபந்தனை, ஒரே வயது, ஒரே பாலினம் கொண்ட 20, 30 ரேஸ்களில் ஜெயித்த குதிரைகளின் எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்க வேண்டும். சராசரி வேண்டாம், தரம் இறங்கி வந்து பன்னிரண்டு லென்த்தில் ஜெயித்த ஒரு குதிரை போதும், சராசரி தூக்கிக் காட்டிவிடும். பேயர் கணக்கில் 6 ஃபர்லாங்கில் (¾ மைல்) ஒரு லென்த் சுமார் 2½ புள்ளி. இரண்டு மைதானங்களின் நடு எண் 5 புள்ளி வேறுபட்டால் இரண்டு லென்த் இடைவெளி.

இதை உறுதி செய்ய இடம் மாறிய குதிரைகளைப் பாருங்கள். கணக்கில் மிகவும் பலன் தருவது இந்தப் பகுதிதான், ஏமாற்றுவதும் இதுதான். 45 நாட்களுக்குள் அ மைதானத்திலிருந்து ஆ மைதானத்துக்குப் போன குதிரைகளை எடுத்து, முந்தைய விலை, முந்தைய எண், புதிய விலை, புதிய எண் என நான்கு கட்டம் போடுங்கள். தளமும் தூரமும் ஒத்திருக்க வேண்டும். டர்ட்டிலிருந்து டாபெட்டா என்ற செயற்கைத் தளத்துக்கு மாறியது தரத்தைக் காட்டாது. ட்ரெய்னர் மாறிய குதிரையையும் நீக்குங்கள். பிறகு ஆ-விலிருந்து அ-வுக்குத் திரும்பியவற்றுக்கும் இதே கட்டம் போட வேண்டும். அப்போதும் கணக்கு சாயலாம்: மோசமாக ஓடிய குதிரைதான் பெரும்பாலும் எளிய இடத்துக்கு அனுப்பப்படுகிறது. அடுத்த ஓட்டத்தில் அது தன் இயல்பான நிலைக்குத் திரும்பினாலே முன்னேறியது போலத் தோன்றும். ஏற்றமாகப் போகும் குதிரை நேர் எதிர்: வாழ்நாளின் சிறந்த ஓட்டத்துக்குப் பிறகு அனுப்பப்படுவதால், சற்றே இறங்கினாலும் புதிய மைதானம் கடினமானதாகத் தோன்றும். இந்தச் சாய்வு இரண்டு திசையிலும் ஒரே பக்கமே காட்டும்; அதனால் மேலே எடுத்த நடு எண்ணோடும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

எத்தனை குதிரை ஓடின என்பதையும் குறித்துவையுங்கள். ஐந்து குதிரை ரேஸில் மூன்றாவது வருவதும் பத்துக் குதிரை ரேஸில் மூன்றாவது வருவதும் ஒரே சாதனை அல்ல.

இப்படித் தொகுத்த அட்டவணை ஒரு சீசனுக்குத்தான் செல்லும். குளிர்காலத்தில் நியூயார்க்கின் பெரிய ட்ரெய்னர்கள் பலர் நல்ல குதிரைகளோடு புளோரிடாவுக்குப் போய்விடுவார்கள். நியூயார்க்கின் ஜனவரி ரேஸையும் ஆகஸ்ட் சரடோகா ரேஸையும், இரண்டும் ஒரே சர்க்யூட் (சீசனுக்குச் சீசன் மாறி மாறி ரேஸ் நடக்கும் மைதானங்களின் தொகுதி) என்றாலும், தனித்தனி மைதானங்களாகவே அட்டவணையில் எழுதுங்கள்.