கில் -9 தட்டுவதற்கு முன்: ப்ராசஸை நிறுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூனிக்ஸில் (லினக்ஸ், மேக் எல்லாம் இந்தக் குடும்பம்தான்) ஒரு ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, நிறுத்துவது ஒரு வரி வேலை. எதை நிறுத்துகிறோம் என்று உறுதிசெய்வதில்தான் சிக்கல். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம், டெர்மினலில் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டவும்.)

பலருக்கும் கைவந்த பழக்கம் ஒன்று உண்டு. ‘பிஎஸ் -இஎஃப்’ தரும் ப்ராசஸ் பட்டியலை, வரிகளில் சொல்லைத் தேடும் கிரெப்புக்கு அனுப்பி, ஆக் என்ற கருவி மூலம் ப்ராசஸ் எண் இருக்கும் இரண்டாம் பத்தியை உருவி, வந்த எண்களையெல்லாம் உடனடியாகக் கொல்லும் ‘கில் -9’க்குத் தள்ளிவிடுவது. கிரெப் ப்ராசஸின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, முழு வரியையும் பார்க்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைத் தேடினால், அதன் கான்ஃபிக் கோப்பை விம்மில் திறந்து வைத்திருப்பவரின் எடிட்டரும் பட்டியலில் வரும். சேமிக்காத அவருடைய வேலையும் போகலாம். தேடும் கிரெப்பே பட்டியலில் தன்னைக் காட்டுவதைத் தவிர்க்க, முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடும் தந்திரம் பிரபலம். அது கிரெப்பை நீக்குமே தவிர எடிட்டரைக் காப்பாற்றாது.

ப்ராசஸைப் பெயரால் தேடுவதற்கென்றே இருப்பது பிகிரெப். அது தன்னைத்தானே காட்டாது. -யு போட்டால் குறிப்பிட்ட பயனரின் ப்ராசஸ்களை மட்டும் காட்டும். -எக்ஸ் போட்டால் பெயர் முழுதாகப் பொருந்த வேண்டும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ப்ராசஸின் பெயரை 15 எழுத்துகளோடு வெட்டிவிடுகிறது. அதைவிட நீளமான பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘ஓடவில்லை போல’ என்று நினைத்து இரண்டாவது பிரதியைக் கிளப்பிவிடுவார்கள். பைதான் ஸ்கிரிப்டுகளிலும் இதே கதைதான்: ப்ராசஸின் பெயர் ‘பைதான்3’, ஸ்கிரிப்டின் பெயர் அதற்குக் கொடுக்கப்பட்ட ஆர்க்யுமென்ட். இந்த இரண்டுக்கும் -எஃப் சேர்த்து முழுக் கட்டளை வரியிலும் தேட வேண்டும்.

அந்த -எஃப்பை, பிகிரெப் போலத் தேடி நேராகக் கொல்லும் பிகில்லோடு சேர்க்கும்போது நிதானம் தேவை. தொலைவில் உள்ள சர்வருக்கு எஸ்எஸ்எச் வழியாக ‘பிகில் -எஃப்’பையும் கூடவே இன்னொரு கட்டளையையும் ஒரே வரியில் அனுப்பினால், அங்கே அதை ஓட்டும் ஷெல்லின் கட்டளை வரியிலும் அதே பெயர் இருக்கும். முதலில் சாவது அந்த ஷெல்லாக இருக்கலாம். அடுத்த கட்டளை ஓடவே ஓடாது.

பாதுகாப்பான வழி எளிது. முதலில் ‘பிகிரெப் -ஏஎஃப்’ என்று தேடி, வந்த ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். மேக்கில் -ஏ என்றால் பொருளே வேறு. அங்கே ‘-எஃப்எல்’ போட வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால், அதே தேடுசொல்லை மாற்றாமல் பிகில்லுக்குக் கொடுங்கள். விவரம் காட்டும் என்று நினைத்து -வி சேர்த்துவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தில் அதற்கு ‘பொருந்தாதவை எல்லாம்’ என்று அர்த்தம். லினக்ஸின் பிகில் அந்தச் சுருக்கத்தை ஏற்காமல் காப்பாற்றுகிறது. மேக்கில் அந்தக் கருணை கிடையாது. கில்ஆல் கட்டளையும் இப்படி இடத்துக்கு இடம் மாறும்: லினக்ஸில் பெயரைச் சொல்லிக் கொல்வது, பழைய சொலாரிஸ் என்ற யூனிக்ஸில் ஓடும் எல்லாவற்றையும் கொல்வது.

போர்ட் 8080ஐ வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று, அதைப் பயன்படுத்தும் ப்ராசஸ் எண்களைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப் -டி -ஐ :8080’ (இங்கே டி என்பது t) வெளியீட்டை அப்படியே கில்லுக்கு அனுப்புவது அடுத்த தவறு. அந்தப் பட்டியலில் போர்ட்டைத் திறந்து வைத்த சர்வரோடு, அதில் இணைந்திருக்கும் உங்கள் பிரவுசரும் இருக்கும். ‘லிசன்’ நிலையில் உள்ளதை மட்டும் கேட்கும் -எஸ் தெரிவைச் சேர்த்தால் இது நடக்காது. சூடோ (ரூட் எனும் நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் தேடினால் மற்றவர்களின் ப்ராசஸ் தெரியாமலும் போகலாம் என்பதையும் கவனியுங்கள். கோப்பையோ போர்ட்டையோ பயன்படுத்தும் ப்ராசஸ்களைத் தேடித் தரும் எஃப்யூசர் இன்னும் முரட்டு ஆள். அதன் கொல்லும் தெரிவான -கே, வேறு சிக்னல் (ப்ராசஸுக்கு அனுப்பும் ஆணை) சொல்லாவிட்டால், நேராக 9ஐத்தான் அனுப்பும். ‘எஃப்யூசர் -கேஎம்’ என்று ஒரு மவுன்ட் பாதையை (வட்டு இணைக்கப்படும் கோப்புறையை) கொடுத்து, அந்த நேரம் அங்கே எதுவும் மவுன்ட் ஆகாமல் இருந்தால், ரூட் கோப்பு முறைமையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அத்தனையும் காலி. பெரிய எழுத்து எம்மையும் சேர்த்தால், பாதை மவுன்ட் புள்ளியாக இருந்தால்தான் அசையும்.

இனி கில். சிக்னல் எண் எதுவும் கொடுக்காவிட்டால் அது அனுப்புவது 15, அதாவது டெர்ம்: ‘வேலையை முடித்துக்கொண்டு போ’. 9 அப்படியல்ல. அது ப்ராசஸின் காதுக்கே போகாது. கெர்னல் நேரடியாக முடித்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும், லாக் கோப்பும் தற்காலிகக் கோப்புகளும் அப்படியே கிடக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரே ஒரு இணைப்பின் ப்ராசஸுக்கு 9 அனுப்பினால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி தாய்ப் ப்ராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்பில் இறங்கும். அதன் தாய்ப் ப்ராசஸுக்கு டெர்ம் அனுப்பியும் நிற்கவில்லையா? அது தொங்கவில்லை, இருக்கும் இணைப்புகள் முடியக் காத்திருக்கிறது. உடனே நிற்க வேண்டுமென்றால் அனுப்ப வேண்டியது இன்ட் என்ற சிக்னல், 9 அல்ல. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கு ஒரு கணக்கு: கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் வழக்கமாக 10 விநாடியும், லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி 90 விநாடியும் காத்திருந்த பிறகே 9ஐ எடுக்கின்றன.

எண்களை மனப்பாடம் செய்வதைவிடப் பெயரைத் தட்டுவது நல்லது. 19 லினக்ஸில் பெரும்பாலும் ஸ்டாப், மேக்கில் கான்ட்: ஒன்று நிறுத்தி வைக்கும், மற்றது ஓடவிடும். சின்னத் தட்டச்சுப் பிழைகளும் பெரிதாகக் கடிக்கும். ஷெல்லின் முதல் ஜாபுக்கு ‘கில் %1’. சதவீதக் குறி விடுபட்டால் அது 1ஆம் எண் ப்ராசஸ், கணினி கிளம்பும்போது முதலில் ஓடுவது. கழித்தல் குறியோடு ‘கில் -9 -1’ என்றால், நீங்கள் தொடக்கூடிய எல்லாமே. ரூட்டாக இருக்கும்போது இதை யோசித்துப் பாருங்கள்.

கில் பிழை எதுவும் சொல்லாமல் திரும்பினால் ப்ராசஸ் செத்துவிட்டது என்று பொருளில்லை, சிக்னல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. சில விநாடி கழித்து ‘கில் -0’ போட்டுப் பாருங்கள். இருந்தால் சும்மா இருக்கும், இல்லாவிட்டால் அப்படியொரு ப்ராசஸ் இல்லை என்று சொல்லும்.

9க்கும் அசையாவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. பிஎஸ் காட்டும் நிலை எழுத்தைப் பாருங்கள். இசட் என்றால் அது ஏற்கெனவே செத்த ஸாம்பி. தாய்ப் ப்ராசஸ் கணக்கை முடிக்கவில்லை, கவனிக்க வேண்டியது தாயைத்தான். டி (D) என்றால் பெரும்பாலும் வட்டின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் மாட்டியிருக்கிறது. பதில் வந்தால்தான் சாகும். செத்ததும் புது எண்ணோடு உடனே முளைத்தால், பின்னால் சிஸ்டம்டி போன்ற ஒரு காவலாள் இருக்கிறது. அப்போது கில்லை விட்டுவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ஸுக்கு அந்த எண்ணைக் கொடுங்கள். எந்தச் சர்வீஸ் என்று அதுவே சொல்லும். நிறுத்த வேண்டியது அந்தச் சர்வீஸை.