ஸ்காட்லாந்தின் பழைய நகர வீட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

எடின்பரோவின் பழைய நகரில் உள்ள ஒரு வீட்டை எந்த ஆண்டில் கட்டினார்கள் என்று கேட்பதைவிட, அதன் எந்தப் பகுதி முதலில் எழுந்தது, எது பின்னர் சேர்ந்தது என்று கேட்பதே பயன்தரும். ராயல் மைல் சாலையின் லான்மார்க்கெட் பகுதியில் உள்ள ‘கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட்’ இதைப் பழகிக்கொள்ள ஏற்ற கட்டடம். 1550 வாக்கில் எழுந்த இந்த வீட்டை 1617இல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகரும் அவர் மனைவி பெஸ்ஸி கன்னிங்ஹாமும் வாங்கி, சாலைப் பக்கமாக நீட்டிக் கட்டினார்கள்.

முதலில் எதிர்ப்புற நடைபாதையில் நின்று கட்டடத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒடுங்கிய முகப்பின்மேல் ஆறு தளங்கள் எழும்பி நிற்கும். பழைய நகரம் ஒரு குன்றின் முதுகில் அமைந்தது. மனைகள் சாலையிலிருந்து இருபுறச் சரிவிலும் நீளமாகவும் குறுகலாகவும் இறங்கின. நகர மதிற்சுவரைத் தாண்டிக் குடியேறப் பலரும் விரும்பவில்லை. எனவே மக்கள்தொகை பெருகப் பெருக வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. ‘லேண்ட்’ எனப்பட்ட இத்தகைய கட்டடத்தின் ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு குடும்பங்கள் வாழ்ந்தன. கிளெட்ஸ்டேன்ஸும் பல பகுதிகளை வாடகைக்கு விட்டுத்தான் வாழ்ந்தார்.

அடுத்து தரைத்தளத்தைக் கவனியுங்கள். அங்குள்ள இரண்டு கல் வளைவுகளுக்குப் பின்னால்தான் கடை நடந்தது. அதன் பக்கத்திலேயே சாலையிலிருந்து முதல் தளத்துக்கு ஏறும் வெளிப்படிக்கட்டு இருக்கிறது. கடைக்கு ஒரு வாசல், குடியிருப்புக்கு வேறொரு வாசல் என்ற இந்தப் பிரிவினையைக் கண்டுகொண்டால் மற்ற வீடுகளையும் எளிதாகப் படித்துவிடலாம். சன்னல்களின் மேற்பாதியில் ஈயப் பட்டைகளில் பதித்த கண்ணாடியும் கீழ்ப்பாதியில் திறந்து மூடும் மரக்கதவும் இருப்பதையும் பாருங்கள். கண்ணாடி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், வெளிச்சத்துக்கு ஒரு பாதி, காற்றுக்கு ஒரு பாதி என்று செய்துகொண்ட ஏற்பாடு இது.

உள்ளே நுழைந்ததும் அலங்காரங்களைத் தேடி ஓடவேண்டாம். வீட்டின் நடுவே காரணமின்றித் தடித்து நிற்கும் சுவர் ஏதேனும் உண்டா என்று முதலில் தேடுங்கள். உள்சுவருக்கு அவ்வளவு கனம் தேவையில்லை; அப்படி ஒன்று இருந்தால், அது ஒருகாலத்தில் வெளிச்சுவராக இருந்திருக்கலாம் என்று ஐயப்படலாம். கிளாட்ஸ்டன்ஸ் லேண்டில் அந்த ஐயம் சரியாகவே அமைகிறது. 1617க்குப் பிந்தைய நீட்சியால், முதலில் சாலையைப் பார்த்திருந்த முகப்புச் சுவர் இன்று வீட்டுக்குள் இருக்கிறது.

அதன்பிறகு தலையை உயர்த்தி உத்தரங்களைப் பாருங்கள். உத்தரங்களின்மேல் பாவிய பலகைகளே மேல்தளத்துக்குத் தரை, கீழ்தளத்துக்குக் கூரை. சாயப்பொடியை வச்சிரப் பசையில் கலந்து, பலகையிலும் உத்தரத்திலும் நேரடியாகப் பூவும் கனியும் கொடியும் தீட்டினார்கள். இவ்வீட்டுக் கூரை ஓவியத்தில் 1620 என்ற ஆண்டு காணப்படுகிறது. ஈரத்துக்கு எளிதில் கரையும் இந்த வண்ணம் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் பிற்காலத்தவரின் கலையார்வம் அன்று. பாணி மாறியபோது அவர்கள் ஓவியத்தைச் சுரண்டி எடுக்காமல், அதன்கீழ் சுண்ணாம்புப் பூச்சுக் கூரை அமைத்து மறைத்துவிட்டார்கள். ஆகவே பழைய வீட்டில் தட்டையான வெள்ளைக் கூரையைக் கண்டால், மேலே எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கல்லில் வெட்டிய எழுத்துகளை மட்டும் நம்பி ஒரு வீட்டுக்கு வயது சொல்வது ஆபத்தானது. ஃபைஃப் பகுதியில் உள்ள கல்ராஸ் என்னும் சிற்றூரில் ‘அரண்மனை’ என்று பெயர்பெற்ற வீடும் உண்மையில் ஒரு வணிகரின் வீடே. நிலக்கரியாலும் உப்பாலும் செல்வம் சேர்த்த ஜார்ஜ் புரூஸ் அதைக் கட்டினார். அதன் ஒரு கல்லில் 1597 என்ற ஆண்டுடன் அவருடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், இன்னொன்றில் 1611 என்ற ஆண்டுடன் மூன்று எழுத்துகளும் உள்ளன. கூடுதலாக வந்த எழுத்து, இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்த ‘சர்’ பட்டத்தைக் குறிக்கிறது. ஒரு கல்லை மட்டும் படித்தவர் பாதி வீட்டின் வயதைத்தான் சொல்வார். வாசலின் மேற்கல்லில் கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகளை ஓர் ஆண்டுடன் பொறிக்கும் வழக்கமும் ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்தது. அந்த ஆண்டு திருமணத்தையோ பழுதுபார்ப்பையோ குறிக்கலாம் என்பதால், சுவரின் இணைப்புகளோடு ஒப்பிட்ட பின்னரே அதை ஏற்கவேண்டும்.

இறுதியாக, ஏன் இவ்வளவு மிஞ்சியது என்றும் கேளுங்கள். 1767இல் ஜேம்ஸ் கிரெய்க்கின் திட்டப்படி எடின்பரோவின் புதிய நகரம் உருவாகத் தொடங்கியதும் வசதி படைத்தோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகளாகிவிட்ட பழைய வீடுகளை நவீனமாக்கப் பணம் செலவிட ஆளில்லை. இடிபடவிருந்த கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட் 1934இல், பழங்கட்டடங்களைக் காக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்து, பின்னர் மீட்டமைக்கப்பட்டது. எனவே இன்று நீங்கள் பார்ப்பவற்றுள் மீட்டமைப்பும் அடங்கும். கடை வளைவு, சன்னல் போன்றவற்றைப் பார்க்கும்போது எவ்வளவு பழையது, எவ்வளவு புதுப்பித்தது என்று அங்குள்ள வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.