கோள் நகர்வில் விடக்கூடாத பிழைகள்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லிக் கொடுக்கிறேன். இளங்கோள்கள் தாம் பிறந்த வாயுத் தட்டுக்குள்ளேயே (இளம் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டையாகப் பரந்து சுழலும் வாயு) இடம் நகரும் பாடம் வந்தால் அதே பிழைகள் திரும்பவும் தலைகாட்டும். நாங்கள் படித்த காலத்திலும் இவைதான். அலகு மாறுவது போன்றவற்றை விடுகிறேன். அவை தானாகவே திருந்தும்.

“வாயு உராய்வதால் கோள் உள்ளே விழுகிறது”

இந்த வரியை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பிள்ளை மண்ணில் தடியால் தட்டையும் கோளையும் அழகாகக் கீறிவிட்டு, கோளின் முகத்துக்கு எதிரே ஓர் அம்பு போட்டு “உராய்வு” என்று எழுதினாள். உராய்வு கூழாங்கல்லுக்குச் சரி. பூமியளவு கோளை நகர்த்துவது ஈர்ப்பு.

கோள் தன் ஈர்ப்பால் தட்டில் சுருள் அலைகளை எழுப்புகிறது. உட்பக்க வாயு வேகமாகச் சுற்றுவதால் அங்குள்ள அலை கோளை முந்திப்போய் முன்னே இழுத்து, அதன் கோண உந்தத்தை (சுற்றும் உந்தம்; கூடினால் கோள் வெளியே போகும், குறைந்தால் உள்ளே வரும்) கூட்டுகிறது. வெளிப்பக்க அலை பின்தங்கி, பின்னே இழுத்து அதைப் பறிக்கிறது. பெரும்பாலும் வெளிப்பக்கத்தின் கை சற்று ஓங்கும். கோள் உள்ளே போகும். கோல்ட்ரைக், ட்ரெமெய்ன் என்ற இரு வானியலாளர்கள் 1980-இலேயே இந்த இழுபறியைக் கணக்கிட்டார்கள்.

சொல்தானே மாறியது என்று விடாதீர்கள். உராய்வென்றால் திணிவு கூடக் கூட அதன் பாதிப்புக் குறையும். அலைகளின் இழுப்பிலோ திணிவு இருமடங்கானால் நகர்வும் ஏறத்தாழ இருமடங்கு வேகம். பூமியளவு கோளே சில இலட்சம் ஆண்டுகளில் நட்சத்திரத்தில் போய் விழக்கூடும். தட்டோ சில மில்லியன் ஆண்டுகள் இருக்கும். அப்படியானால் கோள்கள் எப்படித் தப்பின? இந்தத் துறையே மல்லுக்கட்டும் கேள்வி அதுதான். உராய்வு என்று எழுதிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி கண்ணிலேயே படாது. அதுதான் என் கோபம்.

எப்போதும் உள்நோக்கியே

இல்லை. பாதையை ஒட்டிச் சுற்றும் வாயு, வெப்பநிலை வாய்த்தால், வெளியேயும் தள்ளும்.

வியாழனுக்கும் அதே சூத்திரம்

வேண்டாம். அவ்வளவு பெரிய கோள் தட்டில் இடைவெளி வெட்டிவிடும்; அதற்குக் கணக்கு வேறு.

51 பெகாசி பி-யைச் சாட்சிக்கு இழுப்பது

சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தை மிக ஒட்டிச் சுற்றும், 1995-இல் கண்டுபிடித்த கோள். தட்டுக்குள் நகர்வதற்குச் சாட்சியாக இதைக் காட்டுவார்கள். அதற்கு ஓராண்டு என்பது 4.2 நாள். தட்டுக்குள் நகர்ந்து வந்திருக்கலாம். தட்டு கலைந்த பிறகு வேறொரு கோள் தள்ளிவிட்டும் வந்திருக்கலாம். இப்படி நட்சத்திரத்தை ஒட்டிய எந்தக் கோளுக்கும் தீர்ப்பு எழுதுமுன், அதன் பாதை நட்சத்திரத்தின் சுழற்சிக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மிகவும் சாய்ந்திருந்தால் தள்ளுப்பட்டு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.