மலைக்குளிரில் ஐ.சி.யு. இரவின் சத்தத்தைக் குறைக்கும் முறை

நீலகிரியின் சிறு மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நோயாளிகளின் அறைகளில் இரவுச் சத்தம் சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. ஐ.சி.யு. எனப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் அளந்து பார்த்தால் பெரும்பாலும் 50-க்கு மேல்தான் காட்டும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், இந்த இருபது டெசிபல் என்பது நூறு மடங்கு. வலி, மருந்து, விளக்கு வெளிச்சம் ஆகியவற்றோடு இச்சத்தமும் சேரும்போது ஆழ்ந்த உறக்கம் குறைந்து, தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. அப்படித் தூக்கம் கெட்டவர்களிடம் டெலிரியம் என்னும் மனக்குழப்பமும் அடிக்கடி காணப்படுகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது அலாரம். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் நோயாளியின் விரல் சில்லிட்டு, அங்கே ரத்த ஓட்டம் குறைவதால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு நாடித்துடிப்பு சரியாகக் கிடைக்காமல் அலாரம் அடிக்கிறது. கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல்களோடு படுத்திருந்த ஒரு பாட்டிக்கு ஓர் இரவு இது விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் ஓடிப்போய் அமர்த்துவதும், அவர் திடுக்கிட்டு விழிப்பதுமாக நள்ளிரவு கடந்த பிறகுதான் ஒரு சிஸ்டர் அவருடைய கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் பொத்தி வைத்தார். மானிட்டரில் சிதறிக் கிடந்த நாடித்துடிப்பின் அலை, மெல்ல மெல்லச் சீராக எழுந்தது. பிறகு அந்தக் கைக்குக் கம்பளி உறை மாட்டினோம்.

ஆகவே அலாரம் அடித்தால் முதலில் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பாருங்கள். அவர் நலமாக இருப்பது உறுதியானால் அலையைப் பாருங்கள். அலை சிதறியிருந்தால் கையைப் போர்த்தி வெதுவெதுப்பாக்குங்கள், அல்லது விரலில் மாட்டும் உணர்கருவியான புரோபை வேறு விரலுக்கு மாற்றுங்கள். சூட்டை உணர முடியாத மயக்க நிலையில் இருப்பவரின் தோல் வெந்துவிடக் கூடும் என்பதால், வெந்நீர்ப் பையை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையான கஃப் கட்டிய கையிலேயே புரோபையும் மாட்டினால், கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் பொய் அலாரம் வரும். மறுகையில் மாட்டுவதே சரி. இதயத் துடிப்பைப் பார்க்க உடலில் ஒட்டும் ஈ.சி.ஜி. எலக்ட்ரோடுகளைத் தினமும் தோலைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், மருந்து தீரப்போவதை அறிவிக்கும் முன்பே அடுத்த சிரிஞ்சைத் தயாராக வையுங்கள். அலார எல்லைகளை மருத்துவரைக் கேட்டு அந்தந்த நோயாளிக்கு ஏற்ப அமைக்க வேண்டுமே தவிர, எந்த அலாரத்தையும் நிரந்தரமாக அணைத்து வைப்பது ஆபத்து.

அடுத்தது நம் சத்தம். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டுவது, ஸ்டீல் தட்டைக் கழுவுதொட்டியில் போடுவது, கட்டிலருகே நின்று அடுத்து வருபவரிடம் பணி ஒப்படைப்பது ஆகியவற்றைக் கட்டில் பக்கத்திலிருந்து விலக்கிவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். கைப்பேசியின் டெசிபல் செயலி துல்லியமானது அல்ல என்றாலும், தலையணைக்கு அருகே வைத்து நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது போதும்.

ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம் அல்லவா, அந்த வேளையிலேயே மருந்து, ரத்தப் பரிசோதனை, சளி உறிஞ்சுவது ஆகியவற்றில் சேர்த்துச் செய்யக் கூடியதைச் செய்துவிட்டால், இடைப்பட்ட நேரம் அவருக்கே மிஞ்சும். விடியற்காலை நான்கு மணிக்கு உடம்பு துடைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணி மாறும் முன் முடித்தாக வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

நினைவு தெளிவாக உள்ளவருக்குக் காதடைப்பானும் கண்மறைப்புத் துணியும் கொடுக்கலாம். தாமே கழற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவர் சம்மதமும் வேண்டும். மாட்டுவதற்கு முன், “இந்த மணி அடித்தால் பயப்படாதீங்க அம்மா, நாங்க இங்கேயேதான் இருக்கோம்” என்று சொல்லுங்கள். காலை ஆறரைக்குத் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டு, எப்படித் தூங்கினார் என்று அவரிடமே கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.