ஸ்காட்லாந்தில் கோல்ஃப் ஆடப் போகிறீர்களா? ஓல்ட் கோர்ஸ் குலுக்கலிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

பெரும்பாலோர் போடும் திட்டம் இப்படித்தான் இருக்கும்: புகழ்பெற்ற மைதானங்களை வரிசையாகப் பதிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளைச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஒதுக்குவது. அதைத் தலைகீழாகப் போடுங்கள். மற்ற மைதானங்களில் பல மாதங்கள் முன்பே இடம் உறுதியாகிவிடும். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் பெரும்பாலானவர்களுக்கு இடம் குலுக்கலில்தான் கிடைக்கும், அதுவும் இரண்டு நாள் முன்புதான் தெரியும். அதனால் முதலில் அதற்கு இடம் விட்டு, சுற்றி மற்றவற்றை அடுக்க வேண்டும். ஹேண்டிகேப், டீ டைம், கிரீன் ஃபீ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மாதம்

மே முதல் செப்டம்பர் வரை. என் ஓட்டு ஜூனுக்கு. இரவு 10 மணி வரை வெளிச்சம் இருப்பதால் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் இன்னொரு சுற்று ஆடிவிடலாம். அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் லிங்க்ஸ் போட்டி ஓல்ட் கோர்ஸ், கார்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ் மூன்றிலும் நடப்பது வழக்கம். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் கட்டணம் குறைவுதான், ஆனால் ஓல்ட் கோர்ஸ் ஃபேர்வேயில் சிறு பாய் விரித்து அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போய்ப் பாயிலிருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

படி 2: குலுக்கல்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓல்ட் கோர்ஸ் பொது மைதானம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கப் பணம் கிடையாது, இடம் கிடைத்தால்தான் கட்டணம். கோடையில் அது 300 பவுண்டைத் தாண்டும்.

குழப்பம் நாள் கணக்கில். ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். முடிவு அன்று மாலையே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள், நீங்களும் அங்குள்ள ஸ்வில்கன் கல் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே திங்கட்கிழமை ஆட்டத்துக்குச் சனிக்கிழமையே பெயர் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கு ஞாயிறு, புதனுக்குத் திங்கள். வெள்ளியன்று கொடுக்க எதுவுமில்லை, அது ஞாயிறுக்கான முறை. "திங்கள்தானே, ஞாயிறன்று பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் ஒரு வாய்ப்பு போய்விட்டது.

ஆன்லைனிலேயே கொடுக்கலாம். அதனால் சனிக்கிழமை நீங்கள் எடின்பரோவில் இருந்தாலும் திங்களுக்கான குலுக்கலில் இருக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள், நான்கு நாளுக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுங்கள். ஒரே நாளை நம்பிப் போகாதீர்கள்.

குழு குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் நான்கு. ஒவ்வொருவரின் பெயர், சொந்த கிளப், ஹேண்டிகேப் மூன்றும் கேட்பார்கள். அதற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். "நான் சுமார் 18 ஆடுவேன்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. ஹேண்டிகேப் இல்லாதவர் முதலில் தன் கிளப்பில் அதை வாங்கிவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

படி 3: சுற்றியுள்ள நாட்களை நிரப்புவது

செயின்ட் ஆண்ட்ரூஸ் நாட்களில் பணத்தைத் திருப்பித் தராத பதிவு எதையும் வைக்காதீர்கள். பக்கத்திலேயே நியூ கோர்ஸ் இருக்கிறது. பெயர்தான் புதுசு, திறந்தது 1895இல். 1897இன் ஜூபிலியும் அருகில்தான். குலுக்கலில் விழாத நாளில் நியூ கோர்ஸில் ஆடினால் ஏமாற்றம் பாதி தீரும். ஆடாத துணைவர் கூட வந்திருந்தால் 'ஹிமாலயாஸ்' என்ற மேடுபள்ளமான புட்டிங் திடலுக்கு அழைத்துப் போங்கள். 1867இல் தொடங்கிய பெண்கள் புட்டிங் கிளப்பின் இடம் அது. சில பவுண்டுதான். உங்களை அவர் தோற்கடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ரயிலை நம்பலாம். செயின்ட் ஆண்ட்ரூஸில் நிலையம் இல்லை, லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அதே பாதையில் டண்டீயைத் தாண்டினால் கார்னூஸ்டி. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசி ஹோலில் பிரெஞ்சு வீரர் ஷான் வான் டி வெல்டு காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிய பாரி பர்ன் ஓடை அங்கேதான். எடின்பரோவிலிருந்து அரைமணி நேரத்தில் நார்த் பெரிக். எனக்கு நாட்டிலேயே பிடித்த மைதானம் அதுதான், ஓல்ட் கோர்ஸைவிடவும். 13ஆம் ஹோலில் கிரீனுக்கு முன்னால் ஒரு கற்சுவர் நிற்கும், பந்தை அதற்கு மேலே தூக்கி அடிக்க வேண்டும். 15ஆம் ஹோலான ரெடானை உலகம் முழுக்க மைதான வடிவமைப்பாளர்கள் நகலெடுத்திருக்கிறார்கள்.

மேற்குக் கரையில் ப்ரெஸ்ட்விக்கும் ராயல் ட்ரூனும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து வரும். 1860இல் முதல் ஓப்பன் நடந்தது ப்ரெஸ்ட்விக்கில், அப்போது அங்கே 12 ஹோல்தான். ட்ரூனின் 8ஆம் ஹோலுக்கு 'அஞ்சல் தலை' என்று பெயர். 123 கஜம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தம்மாத்தூண்டு கிரீனைச் சுற்றி ஆழமான பங்கர்கள். வடக்கே ராயல் டார்னக்குக்கு மட்டும் கார் வேண்டும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் அதை விட்டுவிடுங்கள், பயணத்திலேயே நாள் கரைந்துவிடும்.

படி 4: பையில் என்ன

லேசர் ரேஞ்ச்ஃபைண்டரை வீட்டிலேயே வையுங்கள். ப்ரெஸ்ட்விக்கின் ஆல்ப்ஸ் போன்ற ஹோல்களில் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிரீனை லேசர் எப்படிப் பிடிக்கும்? ஜிபிஎஸ் கடிகாரம் போதும். அதைவிட நல்லது ஒரு கேடி, அதாவது பையைத் தூக்கிக்கொண்டு வந்து வழி சொல்லும் உதவியாளர். ஓல்ட் கோர்ஸின் 17ஆம் ஹோலில் ஹோட்டல் கட்டடத்தின் மேலாகவே அடிக்கச் சொல்வார், நம்பி அடியுங்கள். கிரீன்களில் பெரும்பாலானவை இரண்டு ஹோலுக்குப் பொதுவானவை, எந்தக் கொடி நம்முடையது என்றும் அவர்தான் சொல்வார்.

மழைக் கையுறை ஒரு ஜோடி, காற்று புகாத மேல்சட்டை, தோளில் மாட்டும் இலேசான பை. பந்தை உயரத் தூக்கி அடிக்கும் லாப் வெட்ஜ் மட்டை தேவையே படாது. தரை கெட்டி, காற்று பலம். கிரீனுக்கு வெளியே 20 கஜத்தில் நின்றாலும் புட்டரை எடுங்கள்.

பின்னர் சேர்த்தது: "தனியாகப் போகிறேன், குலுக்கலுக்கு இரண்டு பேர் வேண்டுமே" என்று கருத்துப் பகுதியில் பலர் கேட்டிருந்தீர்கள். முன்பெல்லாம் தனியாட்கள் இரவு முழுக்க வரிசையில் படுத்திருப்பார்கள். 2024இல் அது மாறிவிட்டது. இப்போது ஆட்டத்துக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பதிந்தால் தனிக் குலுக்கல் நடக்கும், மூன்று பேர் குழுவில் காலியான நான்காவது இடம் உங்களுக்கு விழலாம். இதற்கு ஆன்லைன் வழி இல்லை, ஊரில் இருந்தாக வேண்டும். ஹேண்டிகேப் சான்றையும் எடுத்துப் போங்கள், அங்கேயே பார்ப்பார்கள்.