ரியூட்டரிக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்: குரோனி வைத்துச் செய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரவு ஒரு கணினியில் பதிகிறது, கட்டணம் இன்னொன்றில். இரண்டின் கடிகாரமும் விலகி நின்றால், பிள்ளை வருவதற்கு முன்பே காசு கட்டியதாகக் கணக்கு காட்டும். கணினியில் உள்ள குவாட்ஸ் பளிங்கு மில்லியனுக்கு 20 பங்கு பிழைத்தாலே மாதத்துக்கு ஏறத்தாழ 50 செக்கன் போய்விடும்.

இதற்காகத்தான் என்ரிபி: நெற்வேர்க் வழியே கணினிகளின் கடிகாரங்களை ஒத்துவைக்கும் நெறிமுறை. டேவிட் மில்ஸ் வகுத்த இந்த நெறிமுறை 1985இலேயே ஆவணமாக வந்துவிட்டது. கேள்வி போய்ப் பதில் வரப் பிடிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் அது கடிகாரத்தைத் திருத்தும்.

ஒவ்வொரு கணினியையும் தனித்தனியே இன்ரநெற்றில் நேரம் கேட்க விடலாம். ஆனால் லைன் போனால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஓடத் தொடங்கும். ஆகவே குரோனி என்ற என்ரிபி மென்பொருளைப் போட்டு ஒன்றை நேர சேர்வர் (மற்றவற்றுக்கு நேரம் சொல்லும் கணினி) ஆக்கி, மற்றவற்றை அதன் பின்னால் விடுவதே என் விருப்பம்.

1. நேர வலயம். என்ரிபி தருவது உலகப் பொது நேரம் மட்டும். ஐந்தரை மணியைக் கூட்டுவது உங்கள் கணினி. வின்டோஸில் ஸ்ரீ ஜயவர்தனபுர, உபுண்டு லினக்ஸில் ஏசியா/கொழும்பு என்று தெரிவு செய்யுங்கள். மேம்படுத்தாத பழைய வின்டோஸ் எக்ஸ்பி மெஷின் இன்னும் மூலையில் கிடந்தால் கவனம்: இலங்கை 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது, அந்த மெஷின் இன்னும் ஆறு மணியைத்தான் கூட்டும். அதில் சென்னை வலயத்தை வையுங்கள்.

2. சேர்வர். எப்போதும் ஓடும் ஓர் உபுண்டு கணினிக்கு றூட்டரில் நிலையான முகவரி கொடுங்கள், 192.168.1.10 என்று வைப்போம். ரேமினலில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் குரோனி’. (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) அப்புறம் ஈரிசி அடைவில் குரோனி கோப்புறைக்குள் இருக்கும் ‘குரோனி.கொன்ஃப்’ கோப்பைத் திறந்து, கடைசியில் இரண்டு வரி சேருங்கள்:

அலவ் 192.168.1.0/24
லோக்கல் ஸ்ராற்றம் 10

முதல் வரி உங்கள் நெற்வேர்க்குக்கு மட்டும் கதவு திறக்கும். இரண்டாவதுதான் நமக்கு முக்கியம்: வெளி இணைப்பு அறுந்தாலும் சேர்வர் தொடர்ந்து நேரம் சொல்லும். குரோனியை மீள இயக்குங்கள். ஃபயர்வோல் இருந்தால் என்ரிபி வந்துபோகும் யூடிபி 123 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

3. சரிபார்ப்பு. ‘குரோனிசி சோர்சஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும். ஒரு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் சரி. கேள்விக்குறியே நின்றால் வெளி இணைப்பைப் பாருங்கள்.

4. வின்டோஸ் கணினிகள். கொன்ட்ரோல் பனலில் திகதி, நேரம். அதில் இன்ரநெற் ரைம் பகுதி. சேர்வர் பெட்டியில் 192.168.1.10 எழுதி, இப்போதே புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

திகதி பொருந்தவில்லை என்று மறுத்தால் சேர்வரில் குறை தேடாதீர்கள். அந்தக் கணினி பழைய ஆண்டொன்றுக்குப் போயிருக்கும். வித்தியாசம் மிகப் பெரிதென்றால் வின்டோஸ் தானாகத் திருத்தாது. திகதியைக் கையால் வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இதுவே நடந்தால் மதர்போட்டின் பற்றரி முடிந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர் 2032, மூன்று வோல்ட். கழற்ற முன் பிளக்கைப் பிடுங்குங்கள், எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கப் புதியதைப் போடுங்கள்.